பல்லுக்காரர் வீட்டுக் கட்டில்

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம், முட்டிதான் சௌக்கியமில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? உன் இருமல் நின்றதா? மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தால் இருமல் நிற்காது, வாயில் போட வேண்டும்.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். விமான நிலையத்திலிருந்து பேசியபோதும் "ஆகட்டும் ஆகட்டும், பத்திரம்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும்.

இன்று நான்காம் நாள். துணி ஆலையில் என்னோடு ஓய்வு பெற்ற எட்டுப் பேரும் சைக்கிளில் வரிசையாகப் போகிறோம். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். முப்பத்தோரு வருடம் வீட்டுக்கும் ஆலைக்கும் மிதித்த கால், இங்கே ஹாரன் அடிக்க ஆளில்லாத சாலையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துப் போயிருக்கிறது. ஆலையில் துணி வெட்டின கட்டிங் மேடைக்காரிதான் முன்னால் போகிறாள். ஆலையில் எங்களை விரட்டியது போதாதென்று இங்கேயும் விரட்டுகிறாள்.

நான் கிளம்பின அன்று உன் மனைவி மாடிப்படியில் நின்று, "இந்த வயசுல சைக்கிள்ல ஊர் சுத்தப் போறாங்களாம்" என்று யாரிடமோ போனில் சொன்னாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். அப்போது வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போகிறேன், இதுவரை நல்லதாக ஆறு சேர்ந்திருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். என் முன் அறையை யாரும் தொடக் கூடாது. அப்பா கட்டிய வீட்டில் அடுக்களை எல்லோருக்கும், ஹால் எல்லோருக்கும், மாடி உங்களுக்கு. அந்தப் பத்துக்கு எட்டு அறை ஒன்றுதான் எனக்கு. பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் வைத்திருக்கிறேன். நான் கேட்டபோது நீ தலையை ஆட்டினாய், வாய் திறந்து சொல்லவில்லை. எழுதி அனுப்பு.

பயண அலுவலக முகவரிக்கு எழுதினால் போகிற வழியில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும்.

மிக்ஸி மூடி எங்கே இருக்கிறது? பெரியது கிடைத்துவிட்டது, சின்னதைக் காணோம். கேஸ் புத்தகத்தை எந்த டப்பாவில் வைத்தாய்? மோட்டாரை எத்தனை நிமிடம் ஓட விடுவாய்? நேற்று தொட்டி வழிந்து மாடிப்படி வரை தண்ணீர். என் அலுவலகச் சட்டைகளை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் காலர் மடங்கி வருகிறது. தலைமை எழுத்தர் இப்படியா வருவது என்று மேனேஜர் முகத்தைச் சுளிக்கிறார். இவளுக்கு இடுப்பு வலி. மகள் கல்லூரிக்குச் சாப்பாடு கட்டாமலே போகிறாள். நீ இருந்தவரை எது எங்கே என்று யாரும் கேட்டதே இல்லை, பார்த்தாயா?

பக்கத்து வீட்டு வக்கீல் நாலு பேர் நடுவில், "என்ன சார், அக்காவை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே, சைக்கிள் குடுத்து?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மூத்தவன் படிப்பு முடித்து இனியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறான். நல்ல விஷயம்தானே? அவனுக்கு நாம்தான் தோள் கொடுக்க வேண்டும்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி. மே பதினைந்தாம் தேதி வந்துவிடுவாய் அல்லவா? தேதி மாறக் கூடாது.

இருமல் பரவாயில்லை.
அன்புத் தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? நான் சௌக்கியம் என்று இந்த முறை எழுத முடியாது. பதறாதே, முழுசாகத்தான் இருக்கிறேன், ஒரு கணுக்கால் தவிர.

போன வாரம் ஓர் இறக்கத்தில் வரும்போது, மழைத்தண்ணீர் போகிற இரும்புச் சட்டத்தின் இடுக்கில் முன் சக்கரம் மாட்டிக்கொண்டது. சைக்கிள் அங்கேயே நின்றது, நான் நிற்கவில்லை. பின்னால் வந்த பள்ளிக்கூடப் பஸ் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவள் என் வயசுக்காரி, குண்டான அம்மாள். இறங்கி வந்தாள், என் காலைப் பார்த்தாள், யாரையும் கேட்கவில்லை, அப்படியே அலாக்காகத் தூக்கிப் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டாள். சைக்கிளையும் ஏற்றினாள். பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும் வீடு வீடாக இறக்கிவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. பிள்ளைகளை நேரத்துக்கு விட வேண்டும் அல்லவா? அதுவரை ஒரு குட்டிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

எலும்பு இரண்டு இடத்தில் விரிசல். எட்டு வாரம் கட்டு, அதற்குப் பிறகு நடைப் பயிற்சி, அதுவரை பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மேலே போக வேண்டும், டிக்கெட் அப்படி. கட்டிங் மேடைக்காரி போக மாட்டேன் என்று அழுதாள். நான்தான் திட்டி அனுப்பினேன். ஏதாவது விடுதி பார்க்கச் சொல்லிப் பயண அலுவலகத்தாரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பஸ்காரி என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். பையின் பின்னால் நானும் போக வேண்டியதாயிற்று.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறேன். இரண்டே அறை. ஒன்றில் அவள் கணவர் பல் செட் செய்கிறார். சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஊரிலுள்ள வாய்களின் அச்சையெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார். இன்னொன்று அவர்கள் படுக்கிற அறை. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் இருவரும் பல்லுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். முன்பின் தெரியாதவளுக்கு! வேண்டாம் என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பஸ்காரி காதில் வாங்கவே இல்லை.

நீ கேட்டதற்கெல்லாம் பதிலாக அடுக்களையைப் படமாக வரைந்து, எந்தத் தட்டில் எது என்று குறித்து இதோடு வைத்திருக்கிறேன். மோட்டார் பதினெட்டு நிமிடம். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அறை பூட்டியபடி இருக்கிறதா?

கவரின் பின்னால் இந்த வீட்டு முகவரி இருக்கிறது.
உன் அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

கால் விஷயம் அறிந்து வருத்தம். கவனமாக ஓட்டியிருக்கலாம். போகாதே என்று நான் அப்போதே மனதில் நினைத்தேன்.

எட்டு வாரமா? கட்டோடு வர முடியாதா? வக்கீலின் மாமியார் இடுப்பு எலும்பு உடைந்தே விமானத்தில் வந்தாராம். யாரென்றே தெரியாத வீட்டில், அதுவும் ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில், மாதக்கணக்கில் தங்குவதா? நம் குடும்பத்தில் இப்படி யாராவது தங்கியிருக்கிறார்களா? இங்கே கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் நீயும் அப்படியே சொல்லிவிடு.

அவர்கள் எதற்கு இவ்வளவு செய்கிறார்கள் என்று யோசித்தாயா? சும்மா யாரும் கட்டிலைக் கொடுக்க மாட்டார்கள். கையெழுத்து எதிலும் போடாதே.

படத்தில் சின்ன மூடி இரண்டாம் தட்டு என்று போட்டிருக்கிறாய், அங்கே இல்லை.

வீட்டில் கொஞ்சம் வேலை நடக்கிறது, தூசி, சத்தம். அதனால் அதிகம் எழுத நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். கட்டுக்குள் அரிப்பதைத் தவிர வேறு குறையில்லை. நீங்கள் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், தூசியில் தும்மாமல் இருந்தால் சரி. என்ன வேலை நடக்கிறது? எழுது.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. சும்மா யாரும் கட்டிலைக் கொடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். எனக்கு வந்த கோபம் எனக்கே புதுசு. இவர்கள் மேல் வந்த கோபம் முதலில், உன் மேல் வந்தது பிறகு. ஏன் இவர்கள் மேல் என்று கேள்.

வந்த மறுநாள் பல்லுக்காரர் அறைக்குள் வந்தார். நான் பழக்கத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றேன். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்! யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்றுவரை கதவுக்கு வெளியிலிருந்தே இருமிவிட்டு, நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அடுக்களை ஓரத்தில் நின்றேன். பஸ்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று ஜாடை காட்டினேன். அவள் தன் தட்டையும் தள்ளி வைத்துவிட்டாள். அவள் கணவரும் வைத்துவிட்டார். ஆறிப் போகிறது, யாரும் தொடவில்லை. "நீ உக்காராம நாங்க எப்படிச் சாப்பிடறது?" அவள் அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன். உட்கார்ந்தேன். முதலில் எனக்குப் பரிமாறினாள். யாராவது எனக்கு முதலில் பரிமாறி எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அம்மா போன பிறகு ஒருவரும் இல்லை. எழுந்துபோய் அவள் சட்டியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்தேன் அல்லவா, எதற்கு எனக்கு இதைக் காட்டுகிறாள்?

முந்தாநாள் என் பர்ஸில் இருந்த நம் குடும்பப் போட்டோவை வாங்கிப் பார்த்தார்கள். நீங்கள் நாலு பேரும் சோபாவில் இருக்கிறீர்கள், நான் ஓரத்தில் தட்டோடு நிற்கிறேன், அதுதான். யார் யார் என்று கேட்டார்கள். இது அவன் வீடு, இவள் அவன் மனைவி, இவர்கள் பிள்ளைகள் என்றேன். "அங்க நீ என்ன செய்யறே?" என்றாள். சமையல், துணி, கடைக்குப் போவது என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முக்கியமான விஷயம். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் லீவு, பஸ் ஓடாது. இரண்டு பேரையும் என்னோடு நம் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். என் அறையில், என் கட்டிலில் படுக்க வைக்கப் போகிறேன். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். இவர்கள் எனக்குச் செய்ததற்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது அந்த ஓர் அறைதான். ஜன்னல் திரையை மட்டும் துவைத்துப் போடச் சொல். அதற்கு என் சாவி தேவையில்லை, தெருப்பக்கமிருந்தே கழற்றலாம்.

உடனே பதில் எழுது.
உன் அக்கா


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? கட்டுப் பிரித்தாகிவிட்டது. கோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறேன்.

மூன்று வாரமாக உன் பதில் இல்லை. போன் செய்தால் உன் மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறாரு" என்கிறாள். நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் குளிக்கிறாய். காலையில் ஒரு தடவை குளிக்க உன்னைக் கெஞ்சி எழுப்பினவள் நான்.

அறை எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.
அக்கா


ஜூன் 24

முதலாளி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் இதுவரை எந்த முதலாளிக்கும் கடிதம் எழுதியதில்லை. மரியாதைக் குறைவாக ஏதாவது இருந்தால் மன்னிக்க வேண்டும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட மாட்டோம். உங்கள் கடித உறையின் பின்னாலிருந்து முகவரியை எடுத்துக்கொண்டோம். இப்படி எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் எங்கள் வீட்டில் இருக்கிறார். என் கணவர் உள்ளே வந்தால் உடைந்த காலோடு எழுந்து நிற்கிறார். இப்படி நிற்கும்படி அவரைப் பயமுறுத்தியது யார்? எல்லோருக்கும் முன்னால் எழுந்து துடைப்பத்தைத் தேடுகிறார். ஒளித்து வைத்தால் கையால் பெருக்குகிறார். உங்கள் ஊர் வழக்கமோ என்று இந்தக் கடிதத்தை எழுதித் தரும் நர்ஸிடம் கேட்டோம். அவரும் உங்கள் மொழிக்காரர்தான். எங்கள் வீட்டில் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்.

உங்களிடமிருந்து கடிதம் வந்தால் அன்று அவர் பேசுவதில்லை. ஒரு முறை காலில் கட்டோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உங்கள் அடுக்களையைப் படம் வரைந்தார். காயம்பட்ட ஆளிடம் வேலை வாங்குவது எங்கள் ஊரில் குற்றம்.

வாரத்தில் எந்த நாள் அவருக்கு விடுமுறை? உடம்புக்கு வந்தால் யார் பார்த்துக்கொள்கிறீர்கள்? அவர் எப்போதும் ஓர் அறையைப் பற்றியே பேசுகிறார். அதற்குக் கதவு இருக்கிறதா? அவர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் தட்டிவிட்டு வருவீர்களா? அந்த அறைக்கு எங்களை அழைத்திருக்கிறார். உன் முதலாளி கோபித்துக்கொள்வாரே என்றோம். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

வேலைக்காரர்களின் புகாரைக் கேட்க இங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போகும் முன் உங்களிடம் கேட்பதுதான் நியாயம் என்று என் கணவர் சொன்னார். பதில் எதிர்பார்க்கிறோம்.

மரியாதையுடன்,
பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவள்
(அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நானாக எதுவும் சேர்க்கவில்லை, சேர்க்க ஆசை இருந்தது. – நர்ஸ்)


ஜூலை 8

அக்காவுக்கு,

நலம். மற்றவை பிறகு.

என்ன காரியம் செய்துவிட்டாய்! முதலாளியாம்! வேலைக்காரியாம்! தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெளிநாட்டுக் கடிதம் என்று ஆசையாக நடு ஹாலில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். மகளும் கேட்டாள், இவளும் கேட்டாள். மகள் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் "குட் மார்னிங் முதலாளி" என்கிறாள். இவள் இரண்டு நாள் அழுதாள். உன்னை நாங்கள் என்ன கொடுமைப்படுத்திவிட்டோம்? எழுந்து நில் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? கடைசியில் சாப்பிடு என்று இவள் சொன்னாளா? நீயாகச் செய்துகொண்டு ஊரெல்லாம் எங்கள் மானத்தை வாங்குகிறாய். உனக்குத் தெரியாமல் எழுதினார்களாம், இதை நான் நம்ப வேண்டுமாம்!

கதவு இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை. போதுமா? ஷட்டர் இருக்கிறது. மூத்தவன் அங்கே செல்போன் கடை வைக்கிறான். தெருவைப் பார்த்த அறை அது ஒன்றுதான், வேறு எங்கே வைப்பான்? உன் பூட்டை யாரும் உடைக்கவில்லை. நிலையோடு பெயர்த்து எடுத்தோம், பூட்டு அப்படியே இருக்கிறது. கட்டில் மொட்டை மாடியில், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். துணிமணி பரணில். எதுவும் தொலையவில்லை. நீ நினைப்பது போல உன்னைத் துரத்திவிடவில்லை, ஹாலில் ஃபேனுக்குக் கீழே தாராளமாக இடம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் நீயே ஹாலில் படுப்பதாகத்தானே எழுதியிருந்தாய்?

ஏப்ரலிலேயே சொல்லியிருப்பேன். நீ சந்தோஷமாகப் போயிருக்கிறாய், கெடுக்க வேண்டாம் என்றுதான் மென்று முழுங்கினேன். அந்த மனசை நீ பார்க்க மாட்டாய்.

அந்த அம்மாளிடம் நான் யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்.
தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை.

அவர்கள் எழுதியது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ. உன் கடிதம் வந்ததும் நர்ஸை வரவழைத்து நடுவில் உட்கார வைத்தேன். "அவன் முதலாளி இல்ல. என் கூடப் பிறந்த தம்பி. அவனுக்கு ஒன்பது வயசுல அப்பா அம்மா போய்ட்டாங்க. நான்தான் வளர்த்தேன்" என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், நான் பரவாயில்லை என்பேன், உனக்கு அதை எழுதி அனுப்புவேன் என்று நினைத்தேன்.

பல்லுக்காரர் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். பஸ்காரி சொன்னாள்: "முதலாளின்னா ஆபீஸ்ல போய்ப் புகார் குடுக்கலாம். தம்பி மேல எங்க போய்க் குடுக்கிறது?"

நர்ஸ் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

நீயாகச் செய்துகொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நானாகத்தான் செய்தேன். நீ சின்னப் பையன், உனக்கு முதலில் போட்டேன். உனக்குக் கல்யாணம் ஆனது, புதுப்பெண்ணுக்கு முதலில் போட்டேன். பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்குப் போட்டேன். எல்லாம் நானாகத்தான். ஆனால் ஒருநாள், ஒரே ஒருநாள், "நீயும் உக்காரு அக்கா" என்று சொல்ல உனக்கு என்னடா வாய் வலித்ததா? நாற்பத்தேழு வயசாகிறது உனக்கு! மொழி தெரியாத ஒருத்தி தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. மூக்குக்கூடத் துடைத்துவிட்டதில்லை.

மூத்தவனுக்குக் கடை வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரம். கேட்டிருந்தால் நானே கட்டிலைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவே இல்லை உனக்கு. நான் கிளம்பின மாதமே அளவெடுத்து, நான் கால் உடைந்து கிடந்தபோது நிலையைப் பெயர்த்திருக்கிறாய். நான் அப்போது உனக்கு மிக்ஸி மூடிக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் படுக்க இடமில்லை என்று நான் அழவில்லை. எங்கேயும் படுப்பேன். தங்கள் கட்டிலைக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுவிட்டு, எங்கே படுக்க வைப்பேன்? வாருங்கள் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே இடத்தை எடுத்துவிட்டாய். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினவளாக என்னை நிறுத்திவிட்டாய். இதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள இப்போதைக்கு ஆசையுமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கால் முழுதாகக் குணமாகிவிட்டதா? நடக்கும்போது வலி இருக்கிறதா?

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய், நானும் கோபத்தில் எழுதிவிட்டேன். கூடப் பிறந்தவர்களுக்குள் இதெல்லாம் சகஜம்.

நாங்கள் பேசிப் பார்த்தோம். ஷட்டரை இனிமேல் கழற்ற முடியாது, திறப்பு விழா இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி. ஆனால் உன் விருந்தாளிகளை மாடியில் எங்கள் அறையில் படுக்க வைக்கலாம் என்று நான் சொன்னேன். இவள் யோசிக்கிறாள். அநேகமாகச் சரி என்பாள். மகள், நீ வந்ததும் தன் அறையைப் பாதியாகத் தடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். இப்படியெல்லாம் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுதவே இல்லையே? ஸ்டேஷனுக்கு வருகிறேன். தேதி சொன்னால் லீவு சொல்ல வேண்டும்.

சின்ன மூடி கிடைத்துவிட்டது. உன் படத்தில் இருந்த இடத்தில்தான் இருந்தது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

வா அக்கா. வந்து பேசிக்கொள்ளலாம்.
அன்புத் தம்பி


ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? நான் சௌக்கியம். கவரில் உள்ளூர் முத்திரையைப் பார்த்திருப்பாய். நான் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

உன் கடிதம் நான் கிளம்பின பிறகுதான் அங்கே போயிருக்கிறது. பஸ்காரியின் பக்கத்து வீட்டார் இங்கே திருப்பி அனுப்பி, நேற்றுக் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து அழுகை வந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கட்டிங் மேடைக்காரியின் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். நான் போனில் சொன்னதும் அவள் போன மாதமே எனக்காகச் சுண்ணாம்பு அடித்து, கடையில் ஒரு கட்டில் சொல்லி வைத்திருந்தாள். விருந்தாளிகள் இரண்டு பேரும் அதில்தான் படுக்கிறார்கள். நான் கீழே அவளோடு படுத்துக்கொள்கிறேன். அவள் விடுகிற குறட்டைக்கு ஆலை மெஷினே தேவலை.

வந்த அன்று மதியம் ஸ்டேஷனிலிருந்து வரும்போது ஆட்டோக்காரர் நம் தெரு வழியாக வந்துவிட்டார். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே ஆசாரி கண்ணாடி அலமாரி அடித்துக்கொண்டிருந்தார். நீ வெளியில் நின்று பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், முதுகுதான் தெரிந்தது. சட்டைக் காலர் கசங்கியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து நடுத்தெருவில் உன்னை நாலு அறை அறைய வேண்டும் என்று கை துடித்தது. பஸ்காரி வீட்டு நம்பரைப் படித்துவிட்டாள். கவர் மேல் தன் கையால் எழுதின முகவரி ஆயிற்றே. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆட்டோக்காரரிடம் நேராகப் போகச் சொல்லிவிட்டேன்.

அந்த வீடு உனக்கே இருக்கட்டும், கடையும் நன்றாக நடக்கட்டும். மூத்தவன் மேல் எனக்கு வருத்தமில்லை. மகளிடம் மட்டும் என் முகவரியைக் கொடு. தன் அறையில் பாதி தருகிறேன் என்று அந்த வீட்டில் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"உன் தம்பியைப் பார்க்கணும்" என்று இரண்டு பேரும் தினமும் கேட்கிறார்கள். அன்றைக்கு முதுகைத்தான் பார்த்தோம், முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். நீ கடைக்குச் சாமான் வாங்க வெளியூர் போயிருக்கிறாய் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் புதன்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதுவரை இந்தத் தெருப் பக்கம் தலையைக் காட்டாதே.

வியாழக்கிழமை வா. உன்னைத் திட்டுவதற்கு முப்பத்தெட்டு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு நாளில் முடியாது. விருந்தாளிகளை வைத்துக்கொண்டு வீட்டில் சத்தம் போட முடியவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

உன் அக்கா